ஒரு ஆல்பம் சொல்லுங்களேன்: கேள்வி பதில்

இசை ஆல்பங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மனசார நேசிக்கிற ஆல்பங்களை மட்டுமே சிபாரிசு செய்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதம்தான். ஜாஸ் புரியாது என்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்துவிட்டேன். எதில் ஆரம்பிக்கலாம்?

அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சீக்கிரமே பிடிபடும். முதலில் வருகிற 'சோ வாட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் கார்டு கார்டாக (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) தாவுவதில்லை. 16 பார் (ஒரு பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை) முழுக்க ஒரே ஸ்வர வரிசையில் நிற்கிறார்கள். மேற்கில் அதற்கு டோரியன் என்று பெயர், நமக்கு அது கரகரப்ரியாவின் ஸ்வரங்கள். அப்புறம் 8 பாருக்கு எல்லாம் அப்படியே அரைக்கட்டை மேலே ஏறும், அடுத்த 8 பாருக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காதில் பிடித்துக்கொண்டால் போதும், மீதி தானாக வந்துவிடும். ராகத்தையும் கமகத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்று நிதானமாகத் தேடுகிற மனநிலை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

இந்த ஆல்பம் 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என்று நியூயார்க்கில் பதிவானது. டேவிஸ் வெறும் குறிப்புகளை மட்டும்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்தவர் எங்கே போகப்போகிறார் என்று தெரியாததால் எல்லோரும் ஒருவருக்கொருவர் காது கொடுத்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பில் எவன்ஸ் பியானோவில் இரண்டு ஸ்வரம் வைத்துவிட்டுக் காத்திருக்கிற இடங்களைக் கேளுங்கள். என்னை உருக்குவது அந்தக் கவனம்தான். ஓர் ஆல்பம் மனசில் தங்குவதற்கு, அந்த நேரத்தில் ஒரு மனிதர் அங்கே இருந்தார் என்பது அதில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சார், அப்பா 'நத்திங் பட் விண்ட்' கேசட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவார். அவர் போன பிறகு அதைக் கேட்டாலே அழுகை வருகிறது. இது இசையின் சக்தியா, அப்பாவின் நினைவா?

இரண்டும்தான், பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. பதின்ம வயதிலும் இளமையிலும் நடந்தவை மற்ற வயது நினைவுகளைவிட ஆழமாகப் பதிகின்றன என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அப்போது கேட்ட பாட்டும் அவற்றோடு சேர்ந்துதான் பதிகிறது. ஆனால் அந்த ஆல்பத்துக்கும் சொந்த பலம் உண்டு. இளையராஜா 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலைப் பெரிய வாத்தியக் குழுவோடு சேர்த்து உருவாக்கியது அது. குழல் நீளமாகப் போகிற இடங்களில் அடியில் வயலின்கள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். மேலே அதே ஸ்வரம் நின்றாலும், கீழே கார்டு மாறினால் அதன் முகம் மாறிவிடும். அப்பாவுக்குப் பிடித்ததும் அந்த இடங்களாக இருக்கலாம். அழுகை வந்தால் வரட்டும், தயவுசெய்து அந்த ஆல்பத்தைத் தள்ளி வைக்காதீர்கள். அடுத்ததாக 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' கேளுங்கள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம், வி.எஸ். நரசிம்மனின் வயலின்.

கேள்வி: க்ளென் கூல்ட் வாசித்த 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இரண்டு பதிவுகள் இருக்கின்றனவே, எதை வாங்க? அவர் கூடவே முனகுவது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது.

1981 பதிவு. பாக்கின் படைப்பு இது, கூல்ட் பியானோவில் வாசித்தது. 1955இல் வாசித்தபோது அவருக்கு வயது 22. சுமார் 38 நிமிஷத்தில் முடித்துவிட்டார், அந்த வேகமும் அழகுதான். 1981இல் அதுவே சுமார் 51 நிமிஷம். ஆரம்பத்தில் வருகிற 'ஏரியா' என்கிற மெட்டு முன்பு இரண்டு நிமிஷம்கூட இல்லை, பின்னதில் மூன்று நிமிஷம் வரும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட மனமில்லாமல் விடுகிறார். அது வெளியான சில நாட்களிலேயே, 1982 அக்டோபரில், 50 வயதில் இறந்துபோனார்.

முனகல் போகாது. அவர் மனசுக்குள் பாடுகிற குரல் அது, அவரே அறியாமல் வெளியே வந்துவிடுகிறது. ஒரு வாரம் கேளுங்கள், அப்புறம் அது இல்லாமல் இருந்தால்தான் குறையாகத் தெரியும். இன்னொன்று: அந்த இரண்டு பதிவுகளும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் ஒரே கூடத்தில் பதிவானவை. நியூயார்க்கின் 30ஆம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை கொலம்பியா நிறுவனம் ஸ்டுடியோவாக்கியிருந்தது. அதன் உயரமான கூரையும் அந்த ஒலியில் இருக்கிறது.

கேள்வி: நல்ல ஹெட்போன் இல்லாமல் இதெல்லாம் கேட்டுப் பயன் உண்டா?

உண்டு. போனில் ஷஃபிளை அணைத்துவிட்டு, வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.

கேள்வி: ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்' ஓட்டைப் பியானோவில் வாசித்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகர ஆப்பரா ஹவுஸ். அவர் கேட்ட பியானோவுக்குப் பதில் ஒத்திகைக்கான சின்னப் பியானோ மேடையில் இருந்தது. மேல் ஸ்வரங்கள் சன்னமாக ஒலித்தன, கீழே கனம் போதவில்லை, பெடலும் சரியில்லை. முதுகுவலியோடு வந்திருந்த மனிதர் நடு ஸ்தாயியிலேயே அதிகம் வாசித்தார், இடது கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தி அந்தக் குறையை நிரப்பினார். நம்மை இழுத்துக்கொண்டு போவது அந்த இடது கைதான்.

கேள்வி: அண்ணா, மிருதங்கம் கற்கிற 14 வயதுத் தம்பிக்கு ஒரு ஆல்பம்?

சக்தி குழுவின் முதல் ஆல்பம், பெயரும் 'சக்தி'தான். 1975இல் மேடையில் பதிவாகி 1976இல் வந்தது. ஜான் மெக்லாலின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். முதல் உருப்படி 'ஜாய்' சுமார் 18 நிமிஷம். முதல் தடவை அவனைச் சும்மா கேட்க விடுங்கள். இரண்டாவது தடவை கையில் தாளம் போடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை கடத்தை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்ததை அதை வைத்துச் சொல்கிறேன்.