போனவர் எழுதி வைத்த பாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எலிசபெத் ராணியின் இறுதி ஊர்வல பேண்ட் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி சாவு இசையைப் பற்றியே. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

*கேள்வி: ஒரு பெரிய மனிதர் இறந்தால் அங்கே என்ன இசை வாசிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அரண்மனையா, சர்ச்சா, குடும்பமா? (கும்பகோணம் வாசகர்)*

பெரும்பாலும் போனவரேதான். ராணியின் கணவர் பிலிப், தன் சவப்பெட்டியை ஏற்றிப்போக ஒரு லேண்ட்ரோவர் வண்டியையே வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து வைத்திருந்தவர். அப்படிப்பட்ட மனுஷன் பாட்டை மட்டும் அடுத்தவரிடம் விடுவாரா? 2021 ஏப்ரல் 17, விண்ட்சரில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொரோனா கட்டுப்பாடு, 30 பேருக்கு மேல் வரக்கூடாது, வந்தவர்களும் வாய் திறந்து பாடக்கூடாது. பாடியது மொத்தமே 4 பேர். 1961-ல் அவர் கேட்டுக்கொண்டு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிக்கொடுத்த ஒரு துதிப்பாடல், அவருடைய 75-வது பிறந்தநாளுக்காக வில்லியம் லவ்லேடி இசையமைத்த, பைபிளின் 104-ஆம் சங்கீதம், அப்புறம் கடலில் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்று என்று வேண்டுகிற, கப்பற்படைக்காரர்களின் பிரார்த்தனைப் பாட்டு. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து முழங்க வேண்டிய பாட்டு அது. காலியாகக் கிடந்த அந்தக் கல் மண்டபத்தில் 4 குரல் மட்டும் எழும்பியபோது, முகக்கவசத்தோடு ராணி தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் நிறைந்திருந்தால் இவ்வளவு நெஞ்சைப் பிசைந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் பியூகிள் என்கிற படை எக்காளம். முதலில் லாஸ்ட் போஸ்ட், அதாவது நாள் முடிந்தது, படுக்கப் போகலாம் என்று படைவீரர்களுக்குச் சொல்கிற அழைப்பு. (ராணுவ மரியாதையோடு நடக்கும் நம் ஊர் இறுதிச் சடங்குகளில் கேட்கிறோமே, அதே தான். வெள்ளைக்காரன் படை விட்டுப்போனது.) கொஞ்ச நேர மௌனம். பிறகு ரெவைலி, எழுந்திரு என்பதற்கு. வழக்கமாக இதோடு முடிந்துவிடும். பிலிப்புக்கு இன்னொன்றும் ஊதினார்கள்: ஆக்‌ஷன் ஸ்டேஷன்ஸ். போர்க்கப்பலில் எதிரி வந்துவிட்டான், எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடுங்கள் என்பதற்கான அழைப்பு. இரண்டாம் உலகப் போரில் அதைக் கேட்டு நிஜமாகவே ஓடியவர். சவப்பெட்டிக்கு முன்னால் அதை ஊதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றால், அந்தக் குசும்பை நினைத்து எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

*கேள்வி: திடீரென்று இறந்தவருக்கு? டயானா எதையும் எழுதி வைத்திருக்க மாட்டாரே! (சேலம் வாசகி)*

அதுதான் சிக்கல். 1997 ஆகஸ்ட் 31 விபத்து, செப்டம்பர் 6 அடக்கம். நடுவில் ஒரு வாரம்கூட இல்லை. கையில் கிடைத்ததில் நல்லதைப் பொறுக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பொறுக்கியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 1981-ல் அவருடைய கல்யாணத்தில் பாடிய தேசபக்திப் பாட்டையே சாவிலும் பாடினார்கள். நம் வீட்டில் முகூர்த்தத்தில் வாசித்த கெட்டிமேளத்தை எடுப்புக்கு வாசிக்கச் சொன்னால் நாதஸ்வரக்காரரே எழுந்து போய்விடுவார். அவர்களுக்கு அதில் தோஷமில்லை.

எல்டன் ஜான் பாடினாரே, அது மர்லின் மன்றோவை நினைத்து 1973-ல் வந்த பாட்டு. பாடலாசிரியர் பெர்னி டாபின் வரிகளை மாற்றிக் கொடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பாப் பாட்டா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒருத்திக்கு எழுதியதை இன்னொருத்திக்குத் தைத்துப் போட்டது என்பது என் சொந்தக் குறை, ஆனால் அந்த இசைத்தட்டு 3 கோடிக்கு மேல் விற்றது, என் குறையை யார் கேட்டார்கள்? என்னைக் கேட்டால், அன்றைய நிஜமான இசை அதுவல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது பாடினார்கள் பாருங்கள், ஜான் டாவனர் இசை, அதுதான். கீழே ஒரே சுருதி தம்பூரா மாதிரி விடாமல் நிற்கும், மேலே குரல்கள் மெல்ல ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று வெடிக்கும், திரும்ப அடங்கும். அதுவும் டயானாவுக்காக எழுதியதல்ல, 1993-ல் விபத்தில் இறந்துபோன வேறொரு இளம்பெண்ணுக்காக எழுதியது. அப்படியானால் எல்டன் ஜானுக்கு மட்டும் ஏன் அந்தக் குறை என்று கேட்பீர்கள். நியாயம்தான், பதில் இல்லை.

*கேள்வி: ஊர்வலத்தில் ஏன் அவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள்? சோகத்தைக் காட்டவா? (திருநெல்வேலி வாசகர்)*

சோகம் ஒரு பக்கம். ராணியின் ஊர்வலம் நிமிஷத்துக்கு 75 காலடி, சாதாரண அணிவகுப்பு 120-ஐ ஒட்டிப் போகும். சவப்பெட்டி ஈயத் தகடு பதித்தது, பீரங்கி வண்டியோடு சேர்த்து அதை 142 மாலுமிகள் கயிறு கட்டி இழுத்தார்கள். அவர்கள் கால் ஒன்றாக விழ வேண்டும், அதற்குத்தான் பேண்ட். ஊர்வலம் அரை கிலோமீட்டர் நீண்டால், முன்னால் அடிக்கிற டிரம் வாலில் இருப்பவன் காதுக்கு ஒன்றரை வினாடி தாமதித்துப் போகும், அதற்குள் இரண்டு அடி வைத்திருப்பான். அதனால் ஒரே பேண்டை நம்பி அவ்வளவு நீள ஊர்வலத்தை நடத்த முடியாது. டிரம்மைக் கறுப்புத் துணியால் மூடி ஓசையை அமுக்குவார்கள், கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி 'தொம்… தொம்…' என்று வரும்.

அன்று வாசித்ததில் பீத்தோவனுடையது என்று காலம்காலமாகச் சொல்லப்படுகிற சாவு அணிநடை ஒன்று இருக்கிறது. அதை எழுதியது பீத்தோவன் அல்ல, வால்ஷ் என்கிற ஜெர்மானியர். பாவம், இவ்வளவு பெரிய சாவிலும் அவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஷோபானுக்கு அந்தக் குறை இல்லை, 1849-ல் பாரிஸில் அவரைப் புதைக்கும்போதே அவர் எழுதிய சாவு அணிநடையைத்தான் வாசித்தார்கள்.

*கேள்வி: இவ்வளவு பெரிய நிகழ்ச்சியில் வாசிப்பவர் தப்பு செய்துவிட்டால்? (ஈரோடு வாசகர்)*

செய்திருக்கிறார்கள். 1963 நவம்பர் 25, அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் ஜனாதிபதி கென்னடியின் அடக்கம். அங்கே லாஸ்ட் போஸ்ட்டுக்குப் பதில் டாப்ஸ் என்று 24 சுரம் கொண்ட ஒரு அழைப்பு. வாசித்தவர் ராணுவ பேண்டின் கீத் கிளார்க், அதை எத்தனையோ தடவை ஊதியவர். அன்று குளிரில் மணிக்கணக்காக நின்றிருந்தார். உதடு விறைத்துப் போனால் பியூகிளில் அதை மறைக்க வழியில்லை, விசை கிசை எதுவும் கிடையாது, எல்லாமே உதடுதான். ஆறாவது சுரம் உடைந்துவிட்டது. நாடே டிவியில் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நொடிதான், அடுத்த சுரங்கள் சுத்தமாக வந்தன. கேட்டவர்கள் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, விசும்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். வாசித்தவருக்கோ அது காலமெல்லாம் உறுத்தல்.

அந்தச் சாவில் ஸ்காட்லாந்து பிளாக் வாட்ச் படையின் பைப் வாத்தியக்காரர்களும் வந்தார்கள். 12 நாள் முன்னால்தான் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவர்கள் வாசித்ததைக் கென்னடி குடும்பத்தோடு கேட்டிருந்தார். அதை நினைவில் வைத்துக் கூப்பிட்டது மனைவி.

*கேள்வி: உங்களுக்கு என்ன பாட்டு என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கோபிக்க வேண்டாம். (பெயர் வேண்டாம் என்கிறார்)*

கோபமில்லை. என் பெரியப்பா இறந்தபோது மைக் செட் போட்ட பையன் ஒப்பாரிப் பாட்டு முடிந்ததும் பென் டிரைவை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அடுத்து வந்தது கல்யாண வரவேற்புப் பாட்டு, அதுவும் முழு வால்யூமில். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஒரு காகிதத்தில் எனக்கு வேண்டிய 3 பாட்டை எழுதி வீட்டில் காட்டினேன். "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது" என்று வாங்கிக் கிழித்துவிட்டார்கள்.