தமிழ்ப் பெயரும் வெள்ளி காசுக் கணக்கும்: பிரிண்ட்எஃப் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சி என்ற நிரல் மொழி படிக்கும் பிள்ளைகள், அதில் அச்சிட உதவும் பிரிண்ட்எஃப் (printf) பற்றிக் கேட்டவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், தோட்டத்து ஆட்களின் பெயரையும் ரப்பர் பால் எடையையும் வரிசையாக அச்சிடுகிறேன். இடப்பக்கம் ஒட்டி 20 இடம் ஒதுக்கும் "%-20எஸ்" (%-20s) போட்டும் தமிழ்ப் பெயர்கள் கோணலாக நிற்கின்றன. மலாய்ப் பெயர்கள் நேராக வருகின்றன. ஏன்?

உன் கணக்கில் தப்பில்லை தம்பி. அந்த 20 என்பது எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை, நினைவகத்தில் அவை பிடிக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், மலாய்ப் பெயரின் ரோமன் எழுத்துக்கு ஒன்றே போதும். 'முருகன்' கண்ணுக்கு 4 எழுத்து. உள்ளே ம, உகரக் குறி, ர, மறுபடி உகரக் குறி, க, ன, புள்ளி என்று 7 குறிகள். ஆக 21 பைட். 20-ஐத் தாண்டிவிட்டதால் பிரிண்ட்எஃப் ஓர் இடைவெளிகூடச் சேர்க்காது. 'ரவி'க்கு 9 பைட்தான், அதனால் 11 இடைவெளி விழும். பிறகு வரிசை எப்படி நேராக நிற்கும்?

கொம்பு, புள்ளி போன்ற துணைக்குறிகளை விட்டுவிட்டு எழுத்தை நீயே எண்ணு. மிச்ச இடைவெளியை "%எஸ்%*எஸ்" என்று கொடு: முதலில் பெயர், பிறகு இடைவெளி எண்ணிக்கை, கடைசியில் வெற்றுச் சரம். அப்போதும் 'ணை' அகலமாகவும் 'ர' ஒடுக்கமாகவும் இருப்பதால் திரையில் கொஞ்சம் பிசகும். தோட்டத்துக் கணக்கரான கிராணி கையில் கொடுக்கும் பட்டியல் என்றால், நான் காற்புள்ளி இட்டுக் கோப்பில் எழுதி எக்செலில் திறந்துவிடுவேன்.

"%.10எஸ்" என்று பெயரை வெட்டவே வெட்டாதே. 3 குறி முழுசாக வரும், நான்காவதில் ஒரு பைட் மட்டும் வரும். அரைகுறை எழுத்துக்குத் திரை ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டும்.

வெள்ளியையும் (ரிங்கிட்) காசையும் தனித்தனி இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக, வைத்து "%டி.%டி" என்று அச்சிட்டேன். 12 வெள்ளி 5 காசு, 12.5 என்று வருகிறது.

"%டி.%02டி" என்று எழுதும்மா. 2 என்பது குறைந்தபட்ச அகலம். முன்னால் உள்ள 0, வெற்றிடத்தைச் சுழியத்தால் நிரப்பச் சொல்கிறது. அந்த 0 விட்டுப்போனால் புள்ளிக்குப் பின் இடைவெளி விழும்.

என் அப்பா பால் மரம் சீவியவர். சம்பள நாளில் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து சீட்டைக் காசு வரைக்கும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். 5 காசு 50 காசாகத் தெரியும் சீட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. நீ பணத்தை முழு எண்ணில் வைத்தது மிகச் சரி. புள்ளி எண்ணை வைக்கும் டபுளில் 2.675 வைத்து "%.2எஃப்" போட்டால் 2.67 வரும், 2.68 வராது, இரும எண்ணில் அது 2.675-ஐவிடக் கடுகளவு குறைவாகவே சேமிக்கப்படுகிறது.

டபுள் மதிப்பை "%டி" என்று அச்சிட்டால் கண்டபடி எண் வருகிறது.

வரத்தான் செய்யும். நீ கொடுத்தது என்ன வகை என்று பிரிண்ட்எஃப்புக்குத் தெரியாது. மேற்கோளுக்குள் இருக்கும் வடிவச் சரத்தில் நீ சொன்னதை அப்படியே நம்பும். ஜிசிசி என்ற தொகுப்பியில் 'டபிள்யூ-ஆல்' (-Wall) எச்சரிக்கையோடு தொகு, அதுவே காட்டிக்கொடுக்கும்.

நிரல் நடுவில் செத்துப்போகிறது. அதற்கு முந்தின வரியில் போட்ட பிரிண்ட்எஃப்பும் கோப்பில் இல்லை. அந்த வரி ஓடவே இல்லையா?

ஓடியிருக்கும். வெளியீடு கோப்புக்குப் போகும்போது எழுத்துகள் முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேரும். பொதுவாக அது நிரம்பிய பிறகோ நிரல் ஒழுங்காக முடியும்போதோதான் வெளியே போகும். நிரல் திடீரென்று செத்தால் பஃபரும் கூடவே போய்விடும். டெர்மினலில் பொதுவாக வரி முடிந்ததும் வெளியே வந்துவிடுவதால் அங்கே உனக்கு இது தெரிந்திருக்காது. பிழை தேடும்போது ஒவ்வொரு பிரிண்ட்எஃப்புக்கும் பின்னால் பஃபரில் உள்ளதை வெளியே தள்ளும் எஃப்ஃபிளஷ் (fflush) போடு, அல்லது பிழைச் செய்திக்கான எஸ்டிடிஎர்ருக்கு (stderr) எழுது.

திரைக்குப் பதில் நினைவகத்தில் எழுத எஸ்பிரிண்ட்எஃப் (sprintf) போதாதா? எதற்கு எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf)?

போதாது. 10 பைட் வரிசைக்குள் (அரே) 'முருகன்' என்று எஸ்பிரிண்ட்எஃப் எழுதினால் 21 பைட்டும் முடிவுச் சுழியமும் சேர்ந்து பக்கத்து நினைவகத்தை மிதித்துவிடும். சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரமான சி99-இல் வந்த எஸ்என்பிரிண்ட்எஃப் அளவோடு நிற்கும். முழுதாக எழுத எத்தனை பைட் தேவைப்பட்டிருக்கும் என்றும் திருப்பிச் சொல்லும். அந்த எண் உன் வரிசையின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது.

கூடவே ஒன்று: பயனர் தட்டிய சரத்தை நேரடியாகப் பிரிண்ட்எஃப்பின் முதல் இடத்தில் வைக்காதே. அதில் "%என்" (%n) இருந்தால் நினைவகத்தில் எழுதவே அது வழிவிடும். எப்போதும் "%எஸ்" போட்டு, சரத்தை இரண்டாவதாகக் கொடு.