வெளிநாட்டுப் பயணம் முடிந்த கையோடு புது வேலை, புது வீடு: திரும்பியதும் எதை முதலில் கவனிப்பது?

நண்பர்களோடு 2 வாரம் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறீர்கள். வந்தவுடன் வேலையும் மாறுகிறது, வீடும் மாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். அது சீராகும்வரை வாடகை ஒப்பந்தம், ராஜினாமா, உறவு பற்றிய முடிவு எதிலும் கையெழுத்தோ வாக்கோ தர வேண்டாம். தூக்கம் கெட்ட மூளைக்கு எல்லாமே உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

தூங்கும், விழிக்கும் நேரத்தை நடத்தும் உடல் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மணி நேரம்தான் நகரும். இரண்டு ஊருக்கும் 6 மணி நேர வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 6 நாள் ஆகும். புது வேலையில் சேரும் தேதியை இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்கு நோக்கித் திரும்புவது கூடுதல் சிரமம். உடலின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் தள்ளித் தூங்குவது எளிது, முன்கூட்டித் தூங்குவது கடினம்.

இதைச் சரிசெய்யும் முக்கியக் கருவி வெளிச்சம். பலர் தவறுவதும் இங்கேதான். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு 2, 3 மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், அதற்கு முன் படுவது பின்னுக்குத் தள்ளும். வெளிநாட்டில் காலை 7 மணிக்கு எழுந்து பழகியிருந்தால் அந்தப் புள்ளி அங்கே அதிகாலை 4 மணி. கிழக்கே 6 மணி நேரம் தள்ளியிருக்கும் வீட்டில் அதுவே காலை 10 மணி. ஆகவே முதல் நாள் 10 மணிவரை திரைச்சீலையை மூடி வையுங்கள், 10 முதல் 1 வரை வெளியே நடங்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் தினம் 1 மணி நேரம் முன்னதாக. "காலை வெயில் நல்லது" என்று 6 மணிக்கே நடக்கப் போகிறவர்களுக்குத்தான் ஜெட் லாக் (நேர மாற்றத்தால் வரும் தூக்கக் குழப்பம்) இழுத்துக்கொண்டே போகும். மேற்கு நோக்கி வந்தவர்களுக்கு மாலை வெளிச்சம் போதும். பகல் தூக்கம் 20, 30 நிமிடத்தோடு நிற்கட்டும். மதியத்துக்குப் பின் காபி வேண்டாம்.

பெட்டியை வந்த அன்றே திறந்து பாருங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதம் இருந்தால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கிடைத்ததிலிருந்து 21 நாள். வீடு மாறும் அவசரத்தில் பெட்டியைத் திறக்காமலே புது வீட்டுக்கு ஏற்றிவிட்டால் அந்த 7 நாள் போய்விடும். பெட்டி வரவே இல்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் பதிந்து, அடுத்த வாரம் நீங்கள் இருக்கப்போகும் முகவரியைக் கொடுங்கள்.

பழைய அலுவலக மின்னஞ்சலில் டிக்கெட்டோ காப்பீட்டு ஆவணமோ இருந்தால், கணக்கு முடக்கப்படும் முன் எடுத்துவிடுங்கள். ஹோட்டலில் முன்பணம் பிடித்துவைத்த கார்டை, அந்தத் தொகை விடுபடும்வரை மூட வேண்டாம்.

நண்பர்களுக்குள் பணக் கணக்கை நிகரமாகப் போடுங்கள். நான்கு பேர் 620, 300, 180, 100 என்று செலவழித்திருந்தால் மொத்தம் 1200, தலைக்கு 300. மூன்றாமவர் 120, நான்காமவர் 200 என்று முதலாமவருக்கு அனுப்பினால் முடிந்தது. இரண்டாமவர் எதுவும் தர வேண்டியதில்லை. மாற்று விகிதத்துக்கு இணையத்தில் காட்டும் எண்ணை எடுக்காமல், கார்டு அறிக்கையில் கடைசியாகப் பதிவான தொகையை எடுங்கள். நிலுவையில் காட்டும் தொகை மாறக்கூடும். இதையெல்லாம் 2 வாரத்துக்குள் முடிப்பது நல்லது. யாருக்காவது வேலை போயிருந்தால், அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திராமல் தவணையாகத் தரலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பணத்தைக் கேட்கக் கூசி விலகிப்போன நட்புகள் நிறைய.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடவே கூடாது. மலேரியா உள்ள பகுதிக்குப் போயிருந்தால், திரும்பிய பின் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சில மாதம் கழித்துக்கூட அது வரலாம். புது இடத்தின் மருத்துவருக்கு உங்கள் பயணம் தெரியாது. போன நாடு, தேதி இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே காட்ட வேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைக்கு.

நாள் முழுக்கக் கூடவே இருந்தவர்கள் ஒரே நாளில் இல்லாமல் போவதால் மூன்றாம், நான்காம் நாள் மனம் வெறுமையாக இருக்கக்கூடும். விமானம் ஏறும் முன்பே அந்த நாளில் ஒரு அழைப்புக்கு நேரம் குறித்துவிடுங்கள். வீடு மாறும் நாளில் யார் வந்து உதவுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.