வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு துண்டு

அன்புள்ள அண்ணைக்கு,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வருகிற சில வாய்க்கால்கள் என் பகுதி. கிருமிநாசினிப் பாவனையைக் குறைப்பது பற்றிக் கமக்காரர் அமைப்புகளுக்குக் கூட்டம் வைக்கிறோம். "உது நஞ்சு பிள்ளை, கூடாது" என்று நான் சொல்ல முதலே அவர்களே சொல்கிறார்கள். வினாத்தாளில் எல்லாருக்கும் நல்ல புள்ளி. அடுத்த கிழமை வயலுக்குப் போனால் அதே ஆட்கள் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் மோசம், வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு துண்டை மட்டும் மருந்து அடிக்காமல் விடுகிறவர்களும் உண்டு. தங்களுக்கு நல்ல சோறு, சனத்துக்கு நஞ்சு. இது பாசாங்குதானே? மனப்பாங்கை மாற்றினால் நடத்தை மாறும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பிறகு ஏன் மாறவில்லை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் "இன்னும் மோசம்" என்று எழுதிய ஆட்களில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். தான் சொல்வதை அவர் நம்பாவிட்டால் எதற்கு ஒரு துண்டைத் தனியே விடவேண்டும்? அங்கே விளைச்சல் குறைந்தால் அவருடைய வீட்டில்தான் குறையும், வேறு ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆகவே அந்தத் துண்டில் தான் நம்புகிறபடி நடக்கிறார்.

மற்ற ஏக்கர்களில் அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. உழவுக்கூலி பாதி நிற்கிறது. வெட்டு மெசின்காரருக்கும் நெல் வந்த பிறகுதான் காசு. மருந்துக் கடைக்காரரும் கடனுக்குத்தான் தருகிறார், எந்த மருந்தை எத்தனை தரம் அடிப்பது என்ற புத்திமதியையும் சேர்த்தே தருகிறார். (உங்களிடம் கேட்பதைவிட அவரிடம் கேட்பது சுலபம். அவர் கடை இரவு ஏழு மணிக்கும் திறந்திருக்கும்.) வெட்டிய நெல் ஆலைக்குப் போகும்போது மருந்து அடித்த நெல், அடிக்காத நெல் என்று விலையில் ஒரு சதமும் வித்தியாசம் கிடையாது. அப்புறம் பக்கத்து வயல். அவன் அடிக்க நான் அடிக்காமல் விட்டால் பூச்சி முழுக்க என் வரம்பைத் தாண்டி வரும் என்ற பயம் ஒருபக்கம். அறக்கொட்டி (நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி) விழுந்து ஒரு மூலை கருகினால் வீட்டில் வாங்கவேண்டிய பேச்சு இன்னொருபக்கம்: "எல்லாரும் அடிக்கேக்க நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

வாங்கிச் சாப்பிடுகிறவன் என்ற முறையில் எனக்கும் இது உறைக்கத்தான் செய்கிறது. அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

உங்களுக்குப் படிப்பித்தது முழுப் பிழையும் இல்லை, பாதிதான். ஐசெக் அய்சன் என்ற உளவியலாளர் 1991 இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. ஒருவர் ஒன்றைச் செய்ய எண்ணுவதற்குப் பின்னால் மனப்பாங்கு மட்டுமில்லை, சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும், அது தன் கையில் இருக்கிறதா என்று அவர் நினைப்பதும் சேர்ந்தே நிற்கின்றன என்பது அவர் வாதம். மேலே நான் அடுக்கிய கடனும் பக்கத்து வயலும் வீட்டுப் பேச்சும் இந்தப் பின்னிரண்டுக்குள் வருகின்றன. உங்கள் வினாத்தாளோ முதலாவதை மட்டும் கேட்கிறது.

அதையும் சரியாகக் கேட்கவில்லை. 1979 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பெண்களிடம் கருத்தடை பற்றிப் பொதுவாக என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தப் பதிலுக்கும் அவர்கள் பிறகு மாத்திரை பாவித்தார்களா என்பதற்கும் இருந்த தொடர்பு 0.08 (முழுத் தொடர்பு என்றால் 1), அதாவது அனேகமாக ஒன்றுமில்லை. "அடுத்த 2 வருடத்தில் நீங்கள் மாத்திரை பாவிப்பதைப் பற்றி?" என்று கேட்டபோது தொடர்பு 0.57 ஆக ஏறியது. "கிருமிநாசினி கூடாதா?" என்று கேட்டால் ஆம் என்று சொல்லாதவர் ஆர்? "வாற காலபோகத்தில், விதைச்சு முதல் 40 நாளைக்கு, உங்கள் வாய்க்காலோரத் துண்டில் அடிக்காமல் விடுவீங்களோ?" என்று கேட்டுப்பாருங்கள். சபை அமைதியாகும். பிறகு ஒவ்வொருவராக ஏன் ஏலாது என்று சொல்லத் தொடங்குவார்கள். உங்களுக்கு வேண்டிய விசயம் அதுதான்.

40 நாள் என்று சும்மா சொல்லவில்லை. 1990களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தைச் சேர்ந்த கே.எல். ஹியோங்கும் கூட்டாளிகளும் வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் செய்த வேலை அது. இளம் பயிரில் இலைசுருட்டிப் புழு தின்றது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், விவசாயி பயந்து அடிப்பார். ஆனால் பயிர் புது இலையும் மட்டமும் (அடியிலிருந்து கிளைக்கும் புதுத் தண்டும்) விட்டு அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். அந்த நேரம் அடித்தால் சிலந்திகள்தான் முதலில் சாகும், பிறகு அறக்கொட்டியைப் பிடிக்க வயலில் ஆள் இல்லை. இதை அவர்கள் விரிவுரையாகச் சொல்லி முடித்துவிடவில்லை. நம்பவேண்டாம், வயலில் ஒரு சிறு பகுதியை மட்டும் 40 நாள் அடிக்காமல் விட்டு, வெட்டும்போது விளைச்சலை ஒப்பிடுங்கள் என்றார்கள். வானொலி நாடகமும் போட்டார்கள். பிரசாரம் நடந்த லோங் ஆன் மாகாணத்தில் மருந்தடிப்பு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. இலை தின்கிற புழு விளைச்சலைக் குறைக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே குறைந்தது.

செய்கையிலிருந்து நம்பிக்கை வருவது எங்களுக்குப் புதினமில்லை. வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் வாகனம் நிற்கிறது, தேங்காய் உடைபடுகிறது, கச்சான் வாங்கி ஏறுகிறோம். பிள்ளையாரை ஆராய்ந்து நம்பி முடித்துவிட்டு முதன்முதல் அங்கே இறங்கியவர் யார்? சின்ன வயதில் பஸ் நின்றது, இறங்கினோம். இப்போது நிறுத்தாமல் போனால் மாங்குளம் வரை மனம் அரிக்கிறது.

ஆனால் ஒருவரைச் செய்ய வைப்பதிலும் வகை இருக்கிறது. 1959 இல் பெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு மகா சலிப்பான வேலை ஒன்றைக் கொடுத்து, வெளியே காத்திருப்பவரிடம் "நல்ல சுவாரசியம்" என்று சொல்ல வைத்தார்கள். சிலருக்கு 1 டொலர், சிலருக்கு 20. பிறகு கேட்டபோது வேலை நன்றாகத்தான் இருந்தது என்று அதிகம் சொன்னவர்கள் 1 டொலர் வாங்கியவர்கள். 20 வாங்கியவருக்குத் தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்பதற்குக் காரணம் கையிலேயே இருந்தது. 1 வாங்கியவருக்கு அது போதவில்லை, ஆகவே தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். எங்கள் திட்டங்களில் சேதனப் பசளை, தாங்கி, பயணப்படி, மதியச் சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுத்து, திட்டம் முடிய எல்லாரும் ஏன் பழையபடி போகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "தந்தவை, செய்தனாங்கள்."

கட்டாயமும் இப்படித்தான். 2021 இல் கோத்தாபய ராஜபக்ஷ அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியில் தடைசெய்து, நவம்பரில் கைவிட்டது. அந்தக் காலபோகத்தில் நாடெங்கும் விளைச்சல் விழுந்தது. அதற்கு முன் சேதன விவசாயம் என்றால் காதுகொடுத்துக் கேட்டவர்கள்கூட இப்போது அந்தச் சொல்லுக்கே சிரிக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் வினாத்தாளுக்கு நல்ல புள்ளி எடுக்கிறவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசாதீர்கள். வீட்டுத் துண்டு வைத்திருக்கிற இரண்டு மூன்று பேரைப் பேச விடுங்கள்: எத்தனை வருடமாக, எந்த நெல், அறக்கொட்டி வந்ததா, எத்தனை மூட்டை குறைந்தது. குறைந்திருந்தால் அதையும் சொல்லட்டும். பிறகு ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து வயலுள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு சிறு துண்டை 40 நாளைக்கு விடச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பக்கத்து வயல் பயம் போகாது. இதையெல்லாம் விதைப்புக்கு முன், செப்டெம்பரிலேயே வையுங்கள். கடைக்காரரின் கொப்பியில் பெயர் ஏறியபிறகு கூட்டம் வைத்துப் பிரயோசனம் குறைவு.