கோலங்களுக்கு ஒரு சொந்த முகவரி

கேள்வி: ஆறு வருடமாக ஃபேஸ்புக்கில் தினம் ஒரு புள்ளிக் கோலம் போடுகிறேன். தனியாக ஒரு இணையதளம் வைக்க ஆசை. "அங்க யாரும்மா வந்து பாப்பாங்க, வீண் செலவு" என்கிறான் மகன். வைக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக வையுங்கள் அம்மா.

மகன் சொல்வதில் பாதி சரி. முதல் சில மாதங்கள் அதிகம் பேர் வர மாட்டார்கள். ஆனால் மார்கழி பிறப்பதற்கு முந்தின ராத்திரி யாரோ ஒரு பெண் "15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை" என்று கூகுளில் தேடுவாள். மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் ஃபேஸ்புக்கில் போட்ட கோலம் அவள் கண்ணில் படுவது அபூர்வம். உங்களுக்கே அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. சொந்தத் தளத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி, சிக்குக் கோலம் என்று பிரித்து, புள்ளிக் கணக்குப்படி அடுக்கி வைக்கலாம். அந்தக் கணக்கைப் படத்துக்குள் மட்டும் எழுதாமல், யூனிகோடில், அதாவது இணையத்தில் எங்கும் படிக்கக்கூடிய எழுத்து முறையில், தட்டச்சு செய்து பக்கத்திலேயே போடுங்கள். தேடுகிறவர் கைக்கு அப்போதுதான் சிக்கும்.

அப்புறம், இரவல் இடம் என்றைக்கும் இரவல்தான். இணையத் தமிழின் தொடக்க காலக் கதை, கவிதை, விவாதங்களில் எவ்வளவோ யாஹூ குழுமங்களில், அதாவது மின்னஞ்சல் வழியே கூடிப் பேசும் குழுக்களில், இருந்தன. 2020 டிசம்பரில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-லேயே போய்விட்டது. யாராவது முன்கூட்டி நகலெடுத்து வைத்ததுதான் மிச்சம்.

தளத்துக்குத் தேவை இரண்டு: முகவரியாக இருக்கும் பெயர், அதாவது டொமைன்; கோப்புகளை வைக்க இடம், அதாவது ஹோஸ்டிங். இடம் கொடுத்தவர் கடையை மூடினாலும், நகல் உங்களிடம் இருந்தால் வேறிடத்தில் ஏற்றிவிடலாம். முகவரி மாறாது. வெறும் படமும் எழுத்தும் என்றால் இலவச இடமே போதும். பெயருக்கு மட்டும் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். "நானே வாங்கிடறேன் மேடம்" என்று தளம் செய்து தருகிறவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த இசை ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் விட்டார். செய்து கொடுத்தவர் ஒருநாள் போனை எடுப்பதை நிறுத்தினார், பெயர் காலாவதியானது, வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். பாவம், மனிதர் அந்த முகவரியைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தார்.

ஃபேஸ்புக்கை விட வேண்டாம். கோலத்தை முதலில் தளத்தில் ஏற்றி, இணைப்பை அங்கே போடுங்கள். இந்த வாரமே மகனை உட்கார வைத்து, ஃபேஸ்புக்கில் உள்ள உங்கள் பதிவுகளை எல்லாம் கணினியில் இறக்கித் தரச் சொல்லுங்கள். ஃபேஸ்புக் அமைப்புகளிலேயே அதற்கு வழி இருக்கிறது.