வைரப் பாறைக்கு வயது பார்க்கப் போகிறாளாம் மகள்: பட்டர்வொர்த் அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, உங்கள் செய்தியை இரண்டு முறை படித்தேன். எஸ்.டி.பி.எம். என்ற பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகள், ஃபார்மசி வேண்டாம், கிம்பர்லைட் பாறையின் வயதை ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு வகைகளை) வைத்துக் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். "வைரம் தோண்டவா இவளை இவ்வளவு படிக்க வைத்தோம்" என்று அப்பா சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். சரி, முதலில் அவரிடம் சொல்லுங்கள், இதில் தோண்டுவது கொஞ்சம், வேதியியல்தான் அதிகம்.

கிம்பர்லைட் என்பது நிலத்துக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து சீறி வந்து உறைந்த எரிமலைக் குழம்பு. வைரம் அதில் பிறப்பதில்லை, வழியில் ஏறிக்கொள்கிறது. பேருந்தின் வயது வேறு, பயணியின் வயது வேறு இல்லையா? தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் குழம்பு மேலே வந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆனால் அங்கே கிடைத்த வைரங்களுக்குள் சிக்கியிருந்த கார்னெட் என்ற கனிமத்தின் துணுக்குகளை வைத்து 1984இல் கணக்குப் போட்டபோது 300 கோடி ஆண்டுகளையும் தாண்டியது!

சிக்கல் என்னவென்றால், அந்தக் குழம்பு வரும் வழியில் கண்ட பாறையையெல்லாம் உடைத்து அள்ளிக்கொண்டு வருகிறது, அதனால் ஒரு கட்டியை அப்படியே பொடியாக்கி அளந்தால் கிடைக்கும் வயது யாருடையது என்றே தெரியாது. குழம்பிலேயே படிகமான கனிமத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட் அப்படி ஒன்று, அதன் ஒரு மணி, அதாவது ஒரு துகள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல ஈயமாக மாறுகிறது, யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும், இரண்டின் அளவையும் பார்த்தால் வயது வந்துவிடும். ரூபிடியம் சிதைந்தால் ஸ்ட்ரான்சியம்-87 ஆகும், ஆனால் அதே மணியில் ரூபிடியம் ஏறக்குறைய இல்லை, ஆகவே ஸ்ட்ரான்சியம் விகிதம் பிறந்த நாளில் இருந்ததுபோலவே இருக்கும். ஸ்ட்ரான்சியம்-87ஐ ஸ்ட்ரான்சியம்-86ஆல் வகுத்த விகிதம் 0.704ஐ ஒட்டி வந்தால் ஒரு வகைக் கிம்பர்லைட், 0.707க்கு மேலே போனால் குழம்பு கண்டத்தின் அடியில் ஒட்டிக் கிடந்த பழைய பகுதியிலிருந்து வந்தது என்று படிக்கிறார்கள். வயதும் பிறந்த ஊரும் ஒரே மணியில். உங்கள் மகள் இதில் மயங்கியதை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் அன்றாட வேலையை அவள் தெரிந்துகொள்ள வேண்டும். பாறையை இடித்துச் சலித்து, கனமான திரவத்தில் மிதக்கவிட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும், அரிசியில் கல் பொறுக்குவதுபோல, நாள் கணக்கில். மேசைத் தூசியில் இருக்கும் ஈயமே கணக்கைக் கெடுத்துவிடும்.

மலேசியாவில் கிம்பர்லைட் சுரங்கமே கிடையாது, அதனால் அதை மட்டும் நம்பி இறங்கினால் அப்பாவின் பயம் நியாயம்தான். ஆனால் கற்றுக்கொள்ளும் வித்தை எந்தப் பாறைக்கும் பொருந்தும். பினாங்கு மலையின் கிரானைட்டுக்கு வயது பார்ப்பதும் இதே யுரேனியம்-ஈயக் கணக்கில்தான், அங்கே பெரோவ்ஸ்கைட்டுக்குப் பதில் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நிலவியல் (ஜியாலஜி) பட்டம், மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலோ. நீங்கள் "புவியியல்" என்று எழுதியிருந்தீர்கள், அது பள்ளியில் படித்த ஜியோகிராஃபி. விண்ணப்பத்தில் மலாயில் இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும், போன வருடம் ஒரு தம்பி தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு என்னிடம் அழுதான். பட்டத்தோடு நிறுத்தினாலும் மலைச்சரிவு ஆய்வு, சுரங்கப்பாதை, கோலாலம்பூருக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் குகைகள், எண்ணெய் என்று வேலை உண்டு. 1993இல் மலைச்சரிவில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்ததை நம் தலைமுறை மறக்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலவியலாளராகப் பதிந்துகொள்ளவும் வேண்டும். கிம்பர்லைட்தான் வேண்டும் என்றால் அதற்குமேல் முனைவர் பட்டம், அநேகமாக வெளிநாட்டில், உபகாரச் சம்பளத்தோடு. முப்பது வயதை நெருங்கிவிடும், இதை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள்.

அப்புறம், வேதியியலிலும் கணிதத்திலும் அவள் வாங்கிய புள்ளிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை வரும்போது அப்பாவையும் கூட்டி வாருங்கள்.