வண்டி ஏன் வாரியது? - வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பைக்கில் விழுந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். பள்ளத்தில் விழுந்த கதைதான் வரும் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பலவும் 'ரோடு நன்றாகத்தான் சார் இருந்தது' என்று ஆரம்பிக்கின்றன.

கேள்வி: எங்கள் பக்கம் ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். நேராகத்தான் போனேன், வேகம் முப்பதைத் தாண்டவில்லை, பிரேக்கும் மெதுவாகத்தான் பிடித்தேன். எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை. - வாசகர், பெரம்பலூர்

பிரேக் பிடித்ததால்தான் விழுந்தீர்கள். டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான், அதற்கும் தாருக்கும் நடுவே சோள மணி புகுந்துவிட்டால் டயர் பிடித்துக்கொண்டிருப்பது ரோட்டை அல்ல, உருளுகிற மணியை. சக்கரம் தன்பாட்டுக்கு உருளும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. முன் பிரேக்கைத் தொட்டீர்களோ, சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் சொன்ன திசையில் போகாது, ஹேண்டில் மடங்கும், அப்புறம் நீங்கள் கீழே கிடப்பீர்கள். இதற்கு முப்பதே அதிகம்.

வேகத்தைக் குறைப்பதெல்லாம் தானியத்துக்கு முன்னால், சுத்தமான தாரிலேயே முடிந்துவிட வேண்டும். மேலே ஏறிய பிறகு ஹேண்டில் நேராக, ஆக்சிலரேட்டர் ஒரே சீராக, கை பிரேக் பக்கமே போகக் கூடாது. கொள்ளு, உளுந்துச் செடிகளை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்றே பரப்பி வைப்பார்கள், அது வேறு தொல்லை. வழுக்குவதோடு செயினிலும் சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். தாண்டியதும் ஓரமாக நிறுத்தி உருவிப் போடுங்கள், காய்ந்த செத்தை சூடான சைலன்சரில் ஒட்டிக்கொண்டு புகைந்தால் வம்பு.

களம் இல்லாத ஊரில் விவசாயி எங்கே போவார்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தானியத்துக்குக் காவலாக வரிசையாகக் கல் வைத்துவிட்டு, சாயங்காலம் தானியத்தை மட்டும் அள்ளிப் போகிறார்களே, அந்தக் கல்மேல்தான் கோபம். எதிரே ஒருவன் ஹைபீம் போட்டு வந்தால் ராத்திரியில் அது தெரியவே தெரியாது.

கேள்வி: கொட்டுகிற மழையில் எல்லாம் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன், விழுந்ததில்லை. போன மாதம் வெறும் தூறலில், சிக்னலில் நிற்கப் போய் வாரிவிட்டது. - கல்லூரி மாணவி, சென்னை

தூறல்தான் மோசம். பல நாளாக வண்டிகள் சொட்டிய ஆயில், டீசல், டயர் தேய்ந்த பொடி, தூசி எல்லாம் ரோட்டில் படிந்து கிடக்கும். நல்ல மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலோ அதைக் குழைத்து, பூசிவிட்டுப் போகும். அதிலும் சிக்னல், பஸ் நிறுத்தம், டோல்கேட் மாதிரி வண்டிகள் நின்று நின்று கிளம்புகிற இடங்களில்தான் ஆயில் அதிகம், சொட்டுவது பெரும்பாலும் பாதையின் நடுவில். ஆகவே லாரி, கார் சக்கரம் ஓடுகிற தடத்திலேயே போய் நில்லுங்கள்.

அப்புறம் அந்த வெள்ளைக் கோடு. ஜீப்ரா கிராசிங்குக்குப் பூசுகிறது சாதாரண பெயின்ட் இல்லை, உருக்கி ஊற்றுகிற பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள். தேய்ந்து வழுவழுப்பானதன் மேல் ஈரம் பட்டால் சோப்புதான். சிக்னலில் நிற்கப் போகிறவர் சரியாக எங்கே கடைசி பிரேக்கைப் பிடிக்கிறார்? அதன் மேலேயே. பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, பாலத்து இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, இவற்றுக்கும் இதே கதை.

நானும் பெரிய ஆள் இல்லை. இருபது வருடம் வண்டி ஓட்டிய பிறகு, ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், சிந்தியிருந்த டீசல்மேல் திரும்பி, நடக்கிற வேகத்தில் விழுந்தேன். அடி முட்டியில், வலி மானத்தில். ஈர ரோட்டில் வானவில் நிறத்தில் ஏதாவது மின்னினால் அது அழகு பார்ப்பதற்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. இன்னும் இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா? - வாசகர், கோயம்புத்தூர்

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதற்குக் கீழே என்றால் குறைந்தது சிபிஎஸ் என்று கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஏபிஎஸ் செய்வது ஒன்றே ஒன்று, சக்கரத்தைப் பூட்டவிடாது. இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டு வரும்? ஜல்லியிலும் மணலிலும் வண்டி நிற்க எடுக்கிற தூரம் கூடவும் செய்யும். சிங்கிள் சேனல் என்றால் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்சக்கரம் வழக்கம்போல இழுத்துக்கொண்டு போகும். வளைவில் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பில் பெரும்பங்கு சாய்வுக்கே செலவாகிவிடுகிறது, அந்த நேரம் பிரேக்கும் பங்கு கேட்டால் சாதாரண ஏபிஎஸ்ஸால் காப்பாற்ற முடியாது. சிபிஎஸ்ஸோ ஒரு லிவரை அழுத்தினால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய.

கேள்வி: புது ரோடு போடுவதற்காகச் சுரண்டி வைத்த இடத்தில் ஹேண்டில் தானாக ஆடுகிறது. பேரிங் போய்விட்டதா? - வாசகர், தாம்பரம்

நல்ல ரோட்டில் ஆடவில்லை என்றால் பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. நீளவாக்கில் விழுந்த கோடுகள் டயரை இழுக்கின்றன. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடும்; தளர்த்திப் பிடித்து, முட்டியால் டேங்கைக் கவ்விக்கொள்ளுங்கள். ஆட்டத்தைவிட ஆபத்து, சுரண்டிய ரோடும் சுரண்டாத ரோடும் சேருகிற விளிம்பு. மூன்று நான்கு விரல் உயரம்தான் இருக்கும், அதை ஒட்டினாற்போல் ஓட்டிக்கொண்டே மேலே ஏறப் பார்த்தால் டயர் விளிம்பைத் தேய்த்துக்கொண்டு வரும், ஏறாது, வண்டி சாயும். கொஞ்சம் விலகி வந்து, முடிந்த அளவு குறுக்காக ஏறுங்கள். சரிவாகக் கடந்து போகிற ரயில்வே கேட்டிலும் இப்படித்தான், ரோடு எப்படிப் போனாலும் தண்டவாளத்தைச் செங்குத்தாகத் தாண்டுங்கள், மழையில் கட்டாயம்.

கேள்வி: நண்பர்களோடு தனுஷ்கோடி போகிறோம். ரோடு எப்படி? - வாசகர், மதுரை

தனுஷ்கோடியைத் தாண்டி நிலத்தின் முனைவரை போகிற, 2017இல் திறந்த அரிச்சல்முனை ரோடு நேராக, அழகாக இருக்கும், முறுக்கத் தோன்றும். காற்று அடிக்கிற நாளில் கடற்கரை மணல் நாக்கு நாக்காகத் தாருக்கு மேல் ஏறிக் கிடக்கும். மணலும் தாரும் வெயிலில் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிவதால் பக்கத்தில் போன பிறகுதான் புரியும். செல்ஃபி எடுக்க ஓரத்தில் இறங்குகிறவர்கள் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லையாவது வையுங்கள், மணலில் புதைந்து வண்டி சாயும்.

கேள்வி: ரோட்டால் விழுந்தால் யாரைக் கேட்பது? - வாசகர், விழுப்புரம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 198ஏ என்றொரு பிரிவு சேர்த்தார்கள். ரோட்டைத் தரப்படி போடாததாலோ பராமரிக்காததாலோ உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் நேராக உங்கள் கைக்கு வராது, ஒரு நிதிக்குப் போகும். எப்படியிருந்தாலும், எழுந்து நிற்க முடிந்தால் முதலில் இடத்தைப் படம் எடுங்கள். மறுநாள் காலையில் போய் எடுக்கலாம் என்று வந்தீர்களானால், அதற்குள் யாராவது பள்ளத்தில் இரண்டு சட்டி மண்ணைக் கொட்டியிருப்பார்கள்.